5555-இல் ஏஏ, 2ஏஏஏ-இல் 55: ஃபிளாஷ் சிப் ஏன் இப்படிக் கேட்கிறது?

படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும்படி உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி வைக்கிறேன். நீங்கள் இசட்80 நுண்செயலியைக் கொண்டு ஒரு சிறு கணினி கட்டுகிறீர்கள். நிரல்களை வைக்க எஸ்எஸ்டி நிறுவனத்தின் 39எஸ்எஃப்040 என்ற 512 கிலோபைட் ஃபிளாஷ் சிப். இசட்80 ஒரு நேரத்தில் 64 கிலோபைட்டுக்கு மேல் பார்க்காது என்பதால் சிப்பை 16 கிலோபைட் பேங்குகளாகப் பிரித்து, 8000 முதல் பிஎஃப்எஃப்எஃப் வரையிலான ஒரு சாளரம் வழியாக அணுகுகிறீர்கள். டேட்டாஷீட்டோ (சிப்பைப் பற்றித் தயாரிப்பாளர் தரும் விவர ஏடு) ஒரு பைட்டை எழுதுவதற்கு முன் 5555 என்ற முகவரியில் ஏஏ, 2ஏஏஏ-இல் 55, மறுபடியும் 5555-இல் ஏ0 என்று மூன்று பைட்டுகளை எழுதச் சொல்கிறது. அந்த முகவரிகளில் ஏற்கெனவே இருக்கும் தரவு கெட்டுப்போகாதா? அந்த எண்களுக்கு ஏதாவது பொருள் உண்டா? ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையுடன் இணைத்தால் ஒழுங்காக எழுதப்படும் சிப், உங்கள் பலகையில் ஏன் அசையவே மறுக்கிறது? சில நேரம் எழுதியது ஒன்றும் படிப்பது வேறொன்றுமாக இருப்பது ஏன்?

இந்தப் பதிலில் முகவரிகளும் கட்டளைகளும் ஹெக்ஸ் எண்கள், அதாவது 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் பதினாறு இலக்கங்கள் கொண்டவை. காலமும் கொள்ளளவும் நாம் அன்றாடம் எழுதும் எண்கள்.

முதல் ஐயத்துக்கு உடனே விடை சொல்லிவிடலாம். 5555-இல் இருக்கும் தரவுக்கு ஒன்றும் ஆகாது. ராம் சிப்பில் எழுது துடிப்பு வந்தால் அது நேராகச் செல்களுக்குப் போகிறது. ஃபிளாஷ் சிப்பில் அப்படி ஒரு வழியே கிடையாது. நுண்செயலி அனுப்பும் எழுது துடிப்பு ஒவ்வொன்றும் சிப்புக்குள் இருக்கும் ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றிடம் போய் நிற்கிறது. செல்களைத் தொடும் உரிமை அந்தச் சுற்றுக்கு மட்டுமே உண்டு. நீங்கள் 5555-இல் ஏஏ எழுதும்போது, முகவரிக் கம்பிகளிலும் தரவுக் கம்பிகளிலும் ஒரு சேதியை வைத்துக் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான். சுற்று அதைப் பார்த்து "முதல் சொல் சரி" என்று குறித்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருக்கிறது. இடையில் பொருந்தாத ஒன்று வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் படிக்கும் நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

ஆகவே ஃபிளாஷ் சிப்பை நினைவகம் என்று மட்டும் எண்ணிக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். அது எந்த நேரமும் ஏதாவது ஒரு நிலையில் இருக்கும் ஓர் இயந்திரம். அந்த நிலைகளில் ஒன்றில்தான் அது நினைவகம்போல நடந்துகொள்கிறது. உங்கள் நான்கு ஐயங்களும் இந்த ஒரு செய்தியிலிருந்தே தீர்ந்துவிடும்.

ஏன் இந்த ஏற்பாடு என்று கேட்டால் செல்லின் இயற்பியலுக்குப் போக வேண்டும். ஃபிளாஷ் செல் என்பது காப்புப் படலத்துக்குள் அடைபட்ட ஒரு மிதக்கும் கேட் கொண்ட டிரான்சிஸ்டர். அந்தக் கேட்டுக்குள் எலக்ட்ரான்களைத் தள்ளினால் பிட் 0; வெளியேற்றினால் 1. தள்ளவும் வெளியேற்றவும் சிப்புக்கு வரும் மின்னழுத்தத்தைவிடப் பல மடங்கு வேண்டும். நேரமும் வேண்டும். தள்ளுவதை ஒவ்வொரு பைட்டாகச் செய்யலாம். வெளியேற்றுவதை ஒரு செக்டார் (சிப்பின் ஒரு துண்டு) முழுவதற்கும் சேர்த்துத்தான் செய்ய முடியும். உங்கள் சிப்பில் ஒரு செக்டார் 4 கிலோபைட். ஒரு பைட் எழுத வழக்கமாக 14 மைக்ரோவிநாடி, அதிகபட்சம் 20. ஒரு செக்டாரை அழிக்க அதிகபட்சம் 25 மில்லிவிநாடி. சிப் முழுவதையும் அழிக்க 100. நுண்செயலியின் ஒரு எழுது துடிப்போ சில நூறு நானோவிநாடிதான். அந்தத் துடிப்புக்குள் இந்த வேலையை முடிக்க முடியாது. யாரோ ஒருவர் பொறுப்பேற்று, துடிப்பு முடிந்த பிறகும் வேலையைத் தொடர வேண்டும்.

அந்தப் பொறுப்பு ஒரு காலத்தில் நுண்செயலியின் தலையில் இருந்தது. ஃபூஜியோ மசுவோக்கா தோஷிபாவில் உருவாக்கிய ஃபிளாஷ் செல்லை 1984-இல் அறிமுகப்படுத்தினார். 1988-இல் இன்டெல் அதை வணிக அளவில் விற்கத் தொடங்கியது. இன்டெல்லின் 28எஃப்256 போன்ற முதல் தலைமுறைச் சிப்களுக்கு 12 வோல்ட் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரு பைட்டை எழுத 40 என்ற கட்டளை, பிறகு தரவு, 10 மைக்ரோவிநாடி காத்திருப்பு, பிறகு சி0 என்ற சரிபார்ப்புக் கட்டளை. சரியாகப் பதியவில்லை என்றால் மறுபடியும் அதே சுற்று, 25 முறை வரை. அழிப்பதற்கு முன் எல்லாப் பைட்டுகளையும் 00 ஆக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே 1 ஆக இருந்த செல்கள் அளவுக்கு மீறி வெளுத்து, எப்போதும் மின்சாரத்தைக் கடத்தும் டிரான்சிஸ்டராக மாறி, அந்த வரிசையையே பாழாக்கிவிடும். இதையெல்லாம் நிரல் எழுதுபவரே மைக்ரோவிநாடிக் கணக்கில் நடத்த வேண்டும். காத்திருப்பு வளையத்தைத் தவறாகக் கணக்கிட்டால் சிப் கெட்டுவிடும்.

அந்தத் தொல்லையில் ஒரு நன்மையும் இருந்தது. 12 வோல்ட் கொடுக்காத வரை கட்டளைகளே வேலை செய்யாது. எழுதும் வேலை முடிந்ததும் 12 வோல்ட்டை அணைத்துவிட்டால் தரவு பத்திரம்.

1990களின் தொடக்கத்தில் ஏஎம்டி தன் 29எஃப் வரிசையில் இரண்டையும் மாற்றியது. 5 வோல்ட் ஒன்றே போதும். உயர் மின்னழுத்தத்தைச் சிப்புக்குள்ளேயே ஒரு சார்ஜ் பம்ப் உருவாக்கிக்கொள்ளும். அழிப்பதற்கு முன் 00 எழுதுவது, அழிப்பு, சரிபார்ப்பு எல்லாவற்றையும் உள்ளே இருக்கும் சுற்றே செய்துகொள்ளும். நிரலருக்குப் பெரிய விடுதலை. ஆனால் 12 வோல்ட் என்ற காவல் போய்விட்டதே! மின்சாரம் ஏறும்போதும் இறங்கும்போதும் நுண்செயலி என்ன செய்கிறது என்று அதற்கே தெரியாது. எழுது கால் (எழுதச் சொல்லும் துடிப்பு வரும் சிப்பின் ஊசி) தற்செயலாக ஒருமுறை தாழ்ந்து, தரவுக் கம்பிகளில் குப்பை இருந்து, அது "அழி" என்ற கட்டளையாக அமைந்துவிட்டால்? அந்த இடத்தில்தான் நீங்கள் கேட்கும் ஏஏ, 55 வருகிறது. ஃபிளாஷின் உறவான, மின்சாரத்தால் அழித்து எழுதும் இஇபிராம் சிப்களிலும் இதே எண்கள்தான். அட்மெலின் 28சி256-இல் தற்செயலாக எழுதப்படாமல் காக்கும் பாதுகாப்புக்கும் 5555, 2ஏஏஏ, ஏஏ, 55 என்ற வரிசையே பயன்படுகிறது.

இனி அந்த எண்கள். 5555-ஐ இருமத்தில் எழுதினால் 0101 என்று மாறி மாறி வரும். 2ஏஏஏ அதற்கு நேர் எதிர். முகவரியின் கீழ் 15 கம்பிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒன்றில் 1 இருக்கும் இடமெல்லாம் மற்றதில் 0. ஏஏ, 55 இரண்டும் எட்டுத் தரவுக் கம்பிகளில் அப்படியே. அதாவது முதல் பைட்டிலிருந்து இரண்டாம் பைட்டுக்குப் போகும்போது 23 கம்பிகளும் ஒன்றுவிடாமல் புரள வேண்டும். யாரும் இயக்காமல் தொங்கிக்கொண்டிருக்கும் பஸ் (முகவரி, தரவுக் கம்பிகளின் தொகுப்பு) அப்படிப் புரளாது. வெறி பிடித்து ஓடும் நிரல் நினைவகத்தை வரிசையாக நிரப்பிக்கொண்டே போனாலும் அப்படிப் புரளாது. இதில் இன்னொரு லாபமும் உண்டு: ஏதாவது ஒரு கம்பி சரியாகச் சால்டர் செய்யப்படாமலோ பக்கத்துக் கம்பியோடு ஒட்டிக்கொண்டோ இருந்தால், சிப் பதிலே சொல்லாது. புதிதாகக் கட்டிய பலகையைச் சோதிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. நினைவில் வைக்க ஒரு குறுக்கு வழி: எழுத வேண்டிய தரவு, முகவரியின் கடைசி இரண்டு இலக்கங்களின் தலைகீழ். 55-க்கு ஏஏ, ஏஏ-க்கு 55.

இரண்டு திறப்புச் சொற்களுக்குப் பின் வரும் மூன்றாவது பைட்தான் உண்மையான கட்டளை. ஏ0 என்றால் அடுத்த பைட்டைச் செல்லில் பதி. 90 என்றால் உன் அடையாளத்தைக் காட்டு. எஃப்0 என்றால் படிக்கும் நிலைக்குத் திரும்பு. 80 என்றால் அழிக்கப் போகிறேன். ஆனால் அது மட்டும் போதாது. அதன் பிறகு 5555-இல் ஏஏ, 2ஏஏஏ-இல் 55 இரண்டையும் மறுபடி கொடுத்து, ஆறாவதாக அழிக்க வேண்டிய செக்டாருக்குள் ஏதாவது ஒரு முகவரியில் 30 எழுத வேண்டும். சிப் முழுவதும் என்றால் 5555-இல் 10. எழுதுவதற்கு ஒருமுறை திறந்தால் போதும், அழிப்பதற்கு இருமுறை திறக்க வேண்டும் என்ற ஏற்றத்தாழ்வு எனக்குப் பிடித்த விஷயம். தவறாக எழுதிய ஒரு பைட்டால் ஒரு பைட்தான் போகும். தவறாக அழித்தால் குறைந்தது 4,096 போகும்.

இவற்றோடு டேட்டாஷீட்டில் பலர் படிக்காமல் தாண்டும் சில காவல்களும் உண்டு. 5 நானோவிநாடிக்குக் குறைந்த எழுது துடிப்பைச் சிப் பொருட்படுத்தாது. மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் எழுதாது. வெளியீட்டுக் கால் (தரவை வெளியே காட்டச் சொல்லும் ஊசி) தாழ்ந்திருந்தாலும் எழுதாது. கடைசியாகச் சொன்னது சிலரைக் கடிக்கும்: வெளியீட்டுக் காலை நிரந்தரமாகத் தரையோடு இணைத்துவிட்டு, படிப்பது நன்றாக நடக்கிறதே, எழுத மட்டும் ஏன் வரவில்லை என்று தேடுவார்கள்.

உங்கள் பலகையின் சிக்கல் அதுவல்ல என்றே நினைக்கிறேன். ஆர்டுயினோ சிப்பின் எல்லா முகவரிக் கம்பிகளையும் நேரடியாக ஆள்கிறது. 5555 என்றால் 5555-தான் சிப்புக்குப் போகிறது. உங்கள் இசட்80 பலகையில் சாளரத்தின் அளவு 16 கிலோபைட், அதாவது ஹெக்ஸில் 4000. அதற்குள் 5555 அடங்காது. 8000-த்தோடு 5555-ஐக் கூட்டி டி555 என்ற முகவரியில் எழுதியிருப்பீர்கள். அது சாளரத்துக்கு வெளியே, பெரும்பாலும் உங்கள் ராமில் போய் விழுந்திருக்கும். சிப்புக்கு முதல் சொல்லே வந்து சேரவில்லை. அதோடு ராமில் ஒரு பைட்டையும் கெடுத்திருக்கிறீர்கள். "சில நேரம் கணினியே நின்றுவிடுகிறது" என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

தீர்வு எளிது. 5555 என்பது 1-ஆம் பேங்கின் 1555-ஆவது இடம். 2ஏஏஏ என்பது 0-ஆம் பேங்கின் 2ஏஏஏ-ஆவது இடம். பேங்க் பதிவேட்டில் (எந்தப் பேங்க் சாளரத்தில் தெரிய வேண்டும் என்று குறிக்கும் இடம்) 1 வைத்து 9555-இல் ஏஏ எழுதுங்கள். பேங்கை 0 ஆக்கி ஏஏஏஏ-இல் 55 எழுதுங்கள். மறுபடி பேங்க் 1, 9555-இல் ஏ0. பிறகு தரவு போக வேண்டிய பேங்கைத் தேர்ந்து தரவை எழுதுங்கள். நடுவில் பேங்க் பதிவேட்டுக்கு நீங்கள் அனுப்பும் துடிப்புகள் சிப்பின் தேர்வுக் காலை ("உன்னோடுதான் பேசுகிறேன்" என்று சிப்புக்குச் சொல்லும் ஊசி) தொடுவதில்லை. ஆகவே வரிசை கலையாது. கட்டளைகளில் இந்தச் சிப் 15 முகவரிக் கம்பிகளை மட்டுமே பார்க்கிறது. அதனால் 1-க்குப் பதில் எந்த ஒற்றைப்படைப் பேங்கும், 0-க்குப் பதில் எந்த இரட்டைப்படைப் பேங்கும் வேலை செய்யும்.

சிப்பை மாற்றும்போது இந்த எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஏஎம்டியின் பிந்தைய 29எஃப்040பி 11 கம்பிகளை மட்டுமே பார்க்கும். அதன் டேட்டாஷீட்டில் 555, 2ஏஏ என்றிருக்கும். (5555-இன் கீழ் 11 பிட்டுகள் 555-தான், ஆகவே பழைய எண்கள் அங்கே செல்லும். 555-ஐ 39எஸ்எஃப்040-க்குக் கொடுத்தால் செல்லாது.) 16 பிட் அகலமுள்ள 29எல்வி160 போன்றவற்றில் சொல் நிலையில் 555, 2ஏஏ, பைட் நிலையில் ஏஏஏ, 555. ஒரே சிப், ஒரே வரிசை, ஆனால் ஒரு பிட் இடப்புறம் நகர்ந்திருக்கிறது. 16 பிட் பஸ்ஸில் நுண்செயலியின் ஏ1 முகவரிக் கம்பி சிப்பின் ஏ0 முகவரிக் கம்பியோடு இணைவதால் வரும் இந்த ஒரு பிட் நகர்வு பலருடைய இரவுகளைத் தின்றிருக்கிறது.

அடுத்தது, எழுதியது ஒன்று, படித்தது வேறு. இதற்கு மூன்று காரணங்கள் இருக்க முடியும். மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தாலும் வியப்பதற்கில்லை.

முதலாவது, நீங்கள் படித்தது தரவே அல்ல. கடைசி பைட் போனதும் சிப் வேலையில் இறங்கிவிடுகிறது. அந்த 14 மைக்ரோவிநாடியில் படித்தால் செல்லின் மதிப்பு வராது. "இன்னும் முடியவில்லை" என்ற சேதி வரும். அந்தச் சேதியின் வடிவம் இதுதான்: நீங்கள் எழுதிய பைட்டின் 7-ஆம் பிட் தலைகீழாகத் தெரியும், 6-ஆம் பிட் ஒவ்வொரு படிப்புக்கும் புரண்டுகொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் 7-ஆம் பிட் நேராகும், 6-ஆம் பிட் நிற்கும். ஆகவே இருமுறை படித்து 6-ஆம் பிட் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் முடிந்தது. தவறுபோலத் தெரிந்தால் இன்னும் இருமுறை படித்துப் பார்க்கும்படி எஸ்எஸ்டி சொல்கிறது. முடியும் தறுவாயில் படித்த மதிப்பை நம்பி நல்ல சிப்பைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக. ஏஎம்டி வகையில் கூடுதலாக 5-ஆம் பிட் உண்டு: உள்ளே இருக்கும் சுற்று முயன்று தோற்றால் அது 1 ஆகும், எஃப்0 கொடுத்து மீட்க வேண்டும். உங்கள் சிப்பில் அந்த வசதி இல்லை. எனவே வளையத்துக்கு ஓர் உச்சவரம்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அழிக்காமல் எழுதியிருப்பீர்கள். எழுதுவது 1-ஐ 0 ஆக்கும். 0-வை 1 ஆக்காது. ஏற்கெனவே 5ஏ இருந்த இடத்தில் ஏ5 எழுதினால் கிடைப்பது 00. பழையதற்கும் புதியதற்கும் பொதுவாக எந்த இடங்களில் 1 இருக்கிறதோ அவை மட்டுமே எஞ்சும். சிப் இதைப் பிழை என்று சொல்லாது; கட்டளையைக் கேட்டபடி செய்துவிட்டது, அவ்வளவுதான்.

மூன்றாவது, எழுதும் நிரலே அதே சிப்பிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு ஃபிளாஷ் சிப் உள்ள பலகையில் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி இது. தரவுப் பைட்டை எழுதியதும் சிப் நினைவகமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. இசட்80 அடுத்த ஆணையை எடுக்க அதே சிப்பிடம் போகிறது; கிடைப்பது மேலே சொன்ன நிலைச் சேதி. அதை ஆணை என்று நம்பி இயக்குகிறது. பிறகு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எழுதும் துணைநிரலை ராமுக்கு நகலெடுத்து அங்கிருந்து ஓடவிடுங்கள். அதற்கு முன் குறுக்கீடுகளை (ஓடும் நிரலை இடைநிறுத்தி வேறு வேலைக்குத் தாவச் செய்யும் சிக்னல்கள்) நிறுத்துங்கள். குறுக்கீடு வந்தால் இசட்80 38-ஆம் முகவரிக்கோ வெக்டர் அட்டவணைக்கோ தாவும், அதுவும் ஃபிளாஷில்தான் இருக்கும்.

இத்தனை காவல் இருந்தும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த வரிசை ஒரு தாழ்ப்பாள்; பூட்டு அல்ல. காற்றுக்குக் கதவு திறந்துகொள்ளாது. கை உள்ளவன் திறந்துகொள்வான், ஏனென்றால் திறக்கும் முறை எல்லா டேட்டாஷீட்டிலும் அச்சாகியிருக்கிறது. தைவானைச் சேர்ந்த சென் இங்-ஹாவ் எழுதி 1998-இல் பரவிய சிஐஎச் வைரஸ் இதைத்தான் செய்தது. 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி உலகின் பல இடங்களில் கணினிகள் மறுபடி எழவே இல்லை. வன்தட்டின் தொடக்கப் பகுதியில் குப்பை, சில வகை மதர்போர்டுகளில் கணினியைத் தொடக்கும் பயாஸ் நிரல் இருந்த ஃபிளாஷும் காலி. அந்த வைரஸ் இன்டெல்லின் 430டிஎக்ஸ் போன்ற சிப்செட்டில் பயாஸ் பகுதிக்கு எழுத அனுமதியைத் திறந்துவிட்டு, 5555, 2ஏஏஏ, ஏஏ, 55, 80 என்று நீங்கள் இப்போது எழுதும் அதே வரிசையை அனுப்பியது. எழுது காலைத் துண்டிக்கும் ஜம்பர் உள்ள பலகையில் இது பலிக்காது. கட்டளை வரிசையால் நிறுத்த முடியாததை ஒரு கம்பித் துண்டு நிறுத்தும்; உங்கள் பலகையிலும் எழுது காலில் ஒரு ஜம்பர் வையுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் மற்ற குடும்பங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடுத்த பலகையில் அவற்றைத்தான் சந்திப்பீர்கள்.

இன்டெல் தன் பிந்தைய சிப்களில் வேறு பாணியை வைத்துக்கொண்டது. திறப்புச் சொற்கள் இல்லை, இரண்டே பைட். எழுத 40, பிறகு தரவு. அழிக்க 20, பிறகு உறுதிப்படுத்தும் டி0. வேலை முடிந்த பிறகும் சிப் தானாகப் படிக்கும் நிலைக்குத் திரும்பாது. எஃப்எஃப் கொடுக்கும் வரை நிலைப் பதிவேட்டையே காட்டிக்கொண்டிருக்கும். ஏஎம்டி பாணிக்குப் பழகியவர்கள் இங்கே "சிப் முழுவதும் 80-ஆகத் தெரிகிறது" என்று பதறுவார்கள். அது "தயார்" என்ற பிட். இரு பாணிகளுக்கும் பொதுவாக சிஎஃப்ஐ என்ற ஒரு விசாரணை முறையைப் பின்னர் கொண்டுவந்தார்கள்: 55-ஆம் முகவரியில் 98 எழுதினால், 10-ஆம் இடத்திலிருந்து கியூ, ஆர், ஒய் என்ற மூன்று எழுத்துகளும், அதன்பின் இந்தச் சிப் எந்தக் கட்டளைத் தொகுதியைப் பேசும், அதன் செக்டார்கள் எவ்வளவு என்ற விவரங்களும் வரும்.

இன்று மதர்போர்டு, ரவுட்டர் எல்லாவற்றிலும் இருப்பது எட்டுக் கால் எஸ்பிஐ ஃபிளாஷ், அதாவது சில கம்பிகளில் பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் வகை. இங்கே முகவரிக் கம்பிகள் இல்லாததால் 5555 வித்தைக்கு இடமில்லை. தேர்வுக் காலைத் தாழ்த்தி முதலில் அனுப்பும் பைட்தான் கட்டளை. காவல் வேறு வடிவத்தில் வருகிறது: எழுதவோ அழிக்கவோ முன் 06 என்ற அனுமதிக் கட்டளையைத் தனியாக அனுப்பி, தேர்வுக் காலை உயர்த்தி முடிக்க வேண்டும். அதன் பிறகே 02 என்ற எழுதும் கட்டளையோ, 4 கிலோபைட் அழிக்கும் 20-ஓ, 64 கிலோபைட் அழிக்கும் டி8-ஓ ஏற்கப்படும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அனுமதி தானாக ரத்தாகும். முதல் பக்கம் எழுதப்பட்டது, மற்றவை எல்லாம் எஃப்எஃப் என்றால் 06-ஐ வளையத்துக்கு வெளியே வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பக்கம் என்பது 256 பைட். நடுவில் தொடங்கி எல்லையைத் தாண்டினால் அடுத்த பக்கத்துக்குப் போகாது, அதே பக்கத்தின் தலைக்குச் சுற்றி வந்து எழுதும். 05 கொடுத்து நிலைப் பதிவேட்டின் கடைசி பிட்டைப் பார்த்தால் வேலை முடிந்ததா என்று தெரியும்.

நிலையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு எஸ்பிஐ உலகில் நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. மூன்று பைட் முகவரியால் 16 மெகாபைட் வரைதான் எட்ட முடியும். பெரிய சிப்களுக்கு பி7 என்ற கட்டளை கொடுத்து நான்கு பைட் முகவரிக்கு மாற்றலாம். இயங்குதளம் அப்படி மாற்றிவைத்திருக்கும்போது கணினி திடீரென்று ரீசெட் ஆகிறது என்று வையுங்கள். நுண்செயலி புதிதாகத் தொடங்குகிறது. ஃபிளாஷ் சிப்புக்கு மின்சாரம் போகவே இல்லை, ரீசெட் காலும் இணைக்கப்படவில்லை. அது இன்னும் நான்கு பைட்டை எதிர்பார்த்து நிற்கிறது. தொடக்க ரோம் மூன்று பைட் முகவரி அனுப்புகிறது. எழ வேண்டிய கணினி எழாது. மின்சாரத்தை அணைத்துப் போட்டால் மட்டும் எழும். லினக்ஸ் கர்னலில் இத்தகைய பலகைகளைக் குறிக்கவே தனி அடையாளம் இருக்கிறது. புதிய சிப்களில் 13, 12 என்று நான்கு பைட் முகவரிக்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. முடிந்தவரை அவற்றையே பயன்படுத்துங்கள். நிலையை மாற்றாத கட்டளைக்குப் பின்விளைவு கிடையாது.

பென்டிரைவ் போன்றவற்றில் இருக்கும் நாண்ட் ஃபிளாஷைப் பற்றி ஒரு பத்தி போதும். அதில் ஒரே எட்டுக் கம்பிகளில் கட்டளை, முகவரி, தரவு மூன்றும் போகும். எது எது என்று சொல்ல இரண்டு தனிக் கால்கள். மின்சாரம் வந்ததும் முதலில் எஃப்எஃப். எழுத 80, முகவரி, தரவு, பிறகு 10. அழிக்க 60, வரிசை முகவரி, பிறகு டி0. தொடக்கக் கட்டளைக்கும் உறுதிக் கட்டளைக்கும் நடுவில் முகவரியை வைத்ததே இங்கே காவல். 70 கொடுத்தால் நிலை வரும்; அதில் கடைசி பிட் 1 என்றால் தோல்வி. இதுவரை பேசிய சிப்களின் வகையான நாரில் தோல்வி என்பது அபூர்வம். நாண்டில் அது அன்றாடம். ஆலையிலிருந்து வரும்போதே சில பிளாக்குகள் கெட்டவை என்று குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தோல்வி பிட்டைப் பார்க்காத நிரலை நாண்டில் ஓட்டவே கூடாது.

உங்கள் பலகைக்குத் திரும்புவோம். எழுதும் நிரலை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அடையாளம் கேளுங்கள். ராமில் இருக்கும் ஒரு சிறு துணைநிரலிலிருந்து, நான் சொன்ன பேங்க் மாற்றங்களோடு ஏஏ, 55, 90 அனுப்பி, 0-ஆம் பேங்கில் 8000, 8001 இரண்டையும் படியுங்கள். பிஎஃப், பி7 என்று வந்தால் கம்பிகள், பேங்க் பதிவேடு, எழுது கால், வரிசை எல்லாம் சரி. வழக்கமான நிரலின் முதல் இரண்டு பைட்டுகளே வந்தால் கட்டளை சிப்பைச் சேரவில்லை. எழுது காலிலும் ஏ14 கம்பியிலும் தேடத் தொடங்குங்கள். பிஎஃப் வந்து அடுத்தது பி5 அல்லது பி6 என்றால் உங்களிடம் இருப்பது 128 அல்லது 256 கிலோபைட் சிப். மேலே அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம், பழைய சிப்பின் முகத்தைச் சுரண்டிப் புது எண் அச்சடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். எஃப்0 கொடுத்து வெளியே வாருங்கள். பிறகு பயன்படாத ஒரு செக்டாரை அழித்து, எல்லாம் எஃப்எஃப் என்று பார்த்து, ஒரே ஒரு பைட் எழுதுங்கள். அது நின்றால் 512 கிலோபைட்டையும் எழுதலாம். ஒரு பைட்டுக்கு 20 மைக்ரோவிநாடி என்று வைத்தாலும் சிப்பின் பங்கு பத்து விநாடிக்குச் சற்று மேல்தான், மீதி நேரமெல்லாம் உங்கள் சீரியல் கம்பி எடுத்துக்கொள்வது.